தொழிற்சாலையின் கைத்தடமும் வீட்டுக் காரேஜும்: அமெரிக்கக் கார் மீட்டுருவாக்கம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

அமெரிக்காவில் 1960களின் செவர்லே கார்வெட் ஒன்றைத் தம் வீட்டுக் காரேஜில் மீட்டெடுப்பவர், வேலையின் கடைசிக் கட்டத்தில் விந்தையான ஒரு காரியத்தைச் செய்வதுண்டு. ஆண்டுக்கணக்கில் துருவைச் சுரண்டி, எஞ்சினைக் கடைந்து, ஒவ்வொரு திருகையும் துலக்கி முடித்தபின், மெழுகுக் குச்சி ஒன்றை எடுத்து ஒரு பாகத்தின்மீது அவசரக் கையெழுத்தில் ஓர் எண்ணைக் கிறுக்குவார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் பெயின்ட் ஒழுங்கின்றிச் சிதறிய தடத்தை வேண்டுமென்றே உண்டாக்குவார். செயின்ட் லூயிஸ் நகரத் தொழிற்சாலையில், பெயர் தெரியாத ஒரு தொழிலாளி சில விநாடிகளில் இட்டுச் சென்ற குறியை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒருவர் பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பல நாள் பழகி நகலெடுக்கிறார்.

உழைப்பின் வரலாற்றைப் படிப்பவர்கள் இக்காட்சியை எளிதில் கடந்து செல்ல முடியாது. விரும்பிச் செய்யும் ஓய்வுநேர வேலை, விருப்பமின்றிச் செய்யப்பட்ட கூலி வேலையின் தடத்தை ஏன் இவ்வளவு பக்தியோடு பின்பற்றுகிறது? மீட்டெடுக்கப்படும் கடந்த காலம் யாருடையது? இக்கட்டுரையின் கேள்விகள் இவையே.

வீட்டில் ஒருவர் காரை முழுவதுமாகப் பிரித்து மீண்டும் பூட்ட முடிவதற்கே ஒரு தொழில்நுட்ப முன்வரலாறு உண்டு. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் மூன்று காடிலாக் கார்கள் முற்றிலும் பிரிக்கப்பட்டன. அவற்றின் பாகங்களைக் கலந்து, சிலவற்றுக்குப் பதிலாகக் கிடங்கிலிருந்த பாகங்களையும் சேர்த்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டினர். அவை 500 மைல் ஓடிக் காட்டின. பாகங்களை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தும் கம்மியரின் கைத்திறன் இனித் தேவையில்லை என்பதே அச்சோதனையின் பொருள். அதே ஆண்டு வெளிவந்த ஃபோர்டின் மாடல் டி, 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாக உற்பத்தியானது. அதன் பாகங்கள் எங்கும் கிடைத்தன. சில கருவிகளோடு விவசாயிகளே அதைப் பழுதுபார்த்தனர். ரொனால்ட் கிளைனும் டிரெவர் பின்ச்சும் 1996இல் எழுதிய கட்டுரை காட்டுவதுபோல, கிராமத்தார் காரின் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டி, மர அறுவைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் விசை எடுத்தனர். காரின் பொருளை நிறுவனம் மட்டும் தீர்மானிக்கவில்லை, பயனரும் தீர்மானித்தனர் என்பது அவர்களது வாதம்.

பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையானபோது தொழிலாளியும் மாற்றத்தக்கவரானார். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை வந்தது. ஒரு சேஸிஸைப் பூட்ட ஏறத்தாழ 12½ மணி நேரம் பிடித்த நிலை மாறி, சில மாதங்களில் அது 93 நிமிடங்களாகக் குறைந்தது. வேலையின் அலுப்புத் தாளாமல் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விலகிச் சென்றனர். 1914இன் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்ற அறிவிப்பு அவர்களைத் தக்கவைக்கும் முயற்சியுமாகும். 1936-37இல் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் 44 நாள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியபோது, வரிசையின் வேகமே அவர்களது முதன்மையான குறைகளுள் ஒன்றாக இருந்தது. 1952இல் சார்லஸ் வாக்கரும் ராபர்ட் கெஸ்டும் வெளியிட்ட ஆய்வில் வரும் தொழிலாளரும் இதையே கூறினர்: இயந்திரம் விதிக்கும் வேகம், முடிவற்ற ஒரே அசைவு. கார் ஆலையில் முப்பது ஆண்டு உழைத்தவர் ஒரு முழுக் காரைத் தம் கையால் உருவாக்கியிருக்கமாட்டார்.

ஈலை சினாய் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பரிமாணம் தருகிறது. அவர் சந்தித்த கார்த் தொழிலாளர் பலர் ஆலையை விட்டு வெளியேறிச் சிறுதொழிலோ பண்ணையோ தொடங்குவதைப் பற்றிப் பேசினர். அப்பேச்சைச் செயலாக்கியவர்கள் மிகச் சிலர். சொந்தப் பட்டறை என்பது கிடைக்காத சுதந்திரத்தின் வடிவமாக அவர்கள் மனத்தில் நின்றது. வீட்டுக் காரேஜின் கவர்ச்சியை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். அங்கே வரிசை நகர்வதில்லை, மேற்பார்வையாளர் இல்லை, பிரிப்பவரும் பூட்டுபவரும் ஒருவரே. தொகுப்பு வரிசையைத் தலைகீழாகத் திருப்பிய வடிவம் அது.

ஆயினும் பழைய கார்களைப் பேணும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள் தொழிலாளர் அல்லர். 1935இல் பிலடெல்பியாவில் பழங்காலக் கார்க் கழகமும், 1937இல் லாஸ் ஏஞ்சலஸில் குதிரையில்லா வண்டிக் கழகமும் உருவாயின. 1920களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் வழிகாட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆண்டுதோறும் மாடலை மாற்றி, நேற்றைய காரை இன்றே பழையதாக்கும் உத்தியைக் கையாண்டது. அந்த ஓட்டத்துக்கு இக்கழகங்கள் ஒருவகை எதிர்வினை. 1942 பிப்ரவரியில் போருக்காகப் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. பழைய வண்டிகள் பல உலோகத் திரட்டலில் உருகிப்போயின. எஞ்சியவற்றின் அருமை கூடியது. 1952இல் தொடங்கிய கிளாசிக் கார்க் கழகம், இரு போர்களுக்கிடைப்பட்ட காலத்தின் உயர்தரக் கார்களையே ‘கிளாசிக்’ என வரையறுத்தது. 1955ஆம் ஆண்டின் சாதாரணச் செவர்லே அவ்வரையறைக்குள் என்றும் வரவில்லை. மக்கள் வழக்கில் அது ‘கிளாசிக்’ ஆனது, அதில் வளர்ந்த தலைமுறை நடுவயதை எட்டி, வீடும் காரேஜும் கைப்பணமும் பெற்ற பின்னரே.

அந்தக் காரேஜ் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1944இன் படைவீரர் சட்டமும் கூட்டாட்சி வீட்டுக்கடன் உத்தரவாதங்களும் புறநகர் வீடுகளைப் பெருக்கின. அதே அமைப்புகள் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குக் கடனை மறுத்தன. 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பின் ஒப்பந்தங்கள் அவர்களுக்கு இடமில்லை என்றே எழுதின. டெட்ராய்ட்டின் கறுப்பினத் தொழிலாளர் ஃபவுண்டரி, பெயின்ட் பிரிவு போன்ற கடும்பணிகளிலேயே பெரிதும் அமர்த்தப்பட்டனர் என்பதைத் தாமஸ் சுக்ரூவின் 1996ஆம் ஆண்டு நூல் விரிவாகக் காட்டுகிறது. காரைச் செய்த கைகளுள் பல, அதை ஓய்வுநேரத்தில் மீட்டெடுக்கும் இடத்தைப் பெறாத கைகள்.

பால்நிலையும் இதில் உண்டு. ஸ்டீவன் கெல்பர் 1997இல் எழுதிய கட்டுரையில் ‘இல்லம் சார்ந்த ஆண்மை’ என்றொரு கருத்தை முன்வைத்தார். வீட்டின் உட்பகுதி பெண்ணின் ஆளுகை எனக் கருதப்பட்ட காலத்தில், பழுதுபார்ப்பும் தச்சும் கணவனுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் ஆண் வெளியை அளித்தன என்பது அதன் சாரம். அவரே 1999இல் வெளியிட்ட நூலில், பொழுதுபோக்கு வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாகத் தோன்றினாலும் வேலையின் ஒழுக்கங்களையே வீட்டுக்குள் கொண்டுவருகிறது என்று வாதிடுகிறார். மெழுகுக் குச்சியோடு நிற்கும் நம் மனிதருக்கு இவ்வாதம் நன்றாகப் பொருந்துகிறது. வரிசையின் கொடுமையிலிருந்து விடுபட்ட வெளியில் அவர் செய்துகொண்டிருப்பது, வரிசையின் விளைவை அணுவும் பிசகாமல் உண்டாக்குவதே.

இதற்கு ஓர் அமைப்புசார் காரணமும் உள்ளது. 1974இல் தொடங்கிய கார்வெட் மீட்டுருவாக்குநர் சங்கம், ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அதையே அளவுகோலாக வைத்து மதிப்பெண் இடுகிறது. அளவுக்கு மீறிப் பளபளப்பாக்கினாலும் மதிப்பெண் குறையும். ஆகவே மீட்டெடுப்பவர் ஆவண ஆய்வாளராகவும் மாறுகிறார்: எஞ்சினில் பொறித்த எண்களைச் சரிபார்க்கிறார், வார்ப்புத் தேதிகளைப் படிக்கிறார், இருக்கைச் சுருள்வில்களுக்கிடையிலோ எரிபொருள் தொட்டியின் மேலோ தொழிலாளர் விட்டுச்சென்ற உற்பத்திக் குறிப்புத் தாளைத் தேடுகிறார். நிறுவனங்களின் ஆவணக் காப்பகங்களில் கிடைக்காத செய்திகள் இவர்களது தேடலில் கிடைத்துள்ளன. பல்கலைக்கழகம் சாராத இந்த அறிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அந்த அளவுகோல் காரின் வாழ்வில் ஒரே ஒரு நாளை மட்டும் வரலாறாக ஏற்கிறது. அதற்குப் பின் வந்த நாற்பது ஐம்பது ஆண்டுகள், அதாவது ஓட்டியவரின் முழங்கை தேய்த்த கதவு விளிம்பு, ஊர்க் கம்மியர் வைத்த ஒட்டு, பணமில்லாத ஆண்டில் மாட்டிய வேறொரு காரின் பாகம் ஆகியவை ‘பிழை’ என நீக்கப்படுகின்றன. உற்பத்தியின் கணம் மூலப்பிரதியாகவும், பயன்பாட்டின் காலம் இடைச்செருகலாகவும் கொள்ளப்படுகின்றன. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் ஈடுபடும் நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று.

இதை உணர்ந்த மாற்றுக் குரல்களும் அமெரிக்காவிலேயே எழுந்தன. பிலடெல்பியாவில் தம் பெயரில் கார் அருங்காட்சியகம் அமைத்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோனி, முழு மீட்டுருவாக்கத்தைவிட உள்ளதை உள்ளபடி காத்தலே பொறுப்பான செயல் என்று வாதிட்டு 2012இல் ஒரு நூலை வெளியிட்டார். 2014இல் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்ற ஷெல்பி டேட்டோனா கூப்பே, அவரது சேகரிப்பில் இருந்த கார்.

இந்தியாவுக்கும் இவ்விவாதத்தில் ஒரு பங்கு உண்டு. 1928 முதல் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைப் பூட்டி விற்றது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் நிறுவனம், பின்னர் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளைப் பூட்டியது. 1950களின் தொடக்கத்தில், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை வந்தபின் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிபாகங்கள் அருகின. இங்கிருந்த அமெரிக்கக் கார்கள் ஓடியது பட்டியலைப் பார்த்து வரவழைத்த பாகங்களால் மட்டுமன்று. லேத்துப் பட்டறையில் கடைந்த புஷ், வேறு வண்டியின் டீசல் எஞ்சின், டிங்கரிங் பட்டறைக்காரர் தட்டி நிமிர்த்திய தகடு ஆகியவற்றாலுமாகும்.

2021இல் மத்திய அரசு பழங்கால வாகனப் பதிவுக்கென விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். விதியின் நோக்கம் நல்லதே. ஆயினும் டெட்ராய்ட்டின் உற்பத்தி நாளையே மூலமாகக் கொள்ளும் அளவுகோல் இங்கும் வந்து சேர்கிறது. அதன்படி, இந்தியப் பட்டறைகள் அந்தக் கார்களுக்கு அளித்த இரண்டாம் வாழ்வு ஒரு குறைபாடாகிவிடும்.

அந்தப் பட்டறைக்காரர்களுக்குப் பட்டியலும் இல்லை, கழகமும் இல்லை. அவர்களது செயல்முறை பதிவாகியுள்ள ஒரே ஆவணம் அந்த வண்டிகளே. ஆகவே ஒரு பழைய பிளைமவுத்தைப் பிரிக்கும் முன், அதில் பொருந்தாமல் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, எங்கே, எப்போது, யார் கையால் வந்தது என உரிமையாளரிடமும் கம்மியரிடமும் கேட்டு எழுதிவைப்பது நம் துறை மாணவர்கள் ஏற்கத்தக்க பணி. செயின்ட் லூயிஸ் தொழிலாளியின் கிறுக்கலை நகலெடுக்க ஓர் ஆள் இருக்கிறார். நம் பட்டறைகளின் கைத்தடத்தைப் பதிவுசெய்ய ஆள் இன்னும் தேவை.