தேடிச் சென்ற வைத்தியம்: தமிழகச் சிறுநீரக நோய்ப் பிரசார வரலாற்றில் ஒரு மறுபரிசீலனை

சிறுநீரக நோயைப் பற்றிய பொதுஜன விழிப்புணர்வு தமிழ்நாட்டில் வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் ஒன்றிலிருந்து தொடங்குகின்றனர். ஒன்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை வெற்றி கண்ட 1971. மற்றொன்று, மார்ச் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை உலகச் சிறுநீரக தினமாக முதன்முதல் கொண்டாடப்பெற்ற 2006. இவ்விரு தொடக்கங்களிலும் ஆழமானதொரு வாசிப்பைத் தம் எழுத்தாலும் செயலாலும் அளித்தவர் சென்னைச் சிறுநீரகவியல் நிபுணர் டாக்டர் எம். கே. மணி ஆவார். அவ்வாசிப்பின் முற்பாதியை முழுமனத்தோடு ஏற்று, அதன் பிற்பாதியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணியின் அபிப்பிராயம் சுருக்கமானது. டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் எத்துணைச் சிறந்த சிகிச்சைகளாயினும், நோயுற்ற எல்லோருக்கும் அவற்றை வழங்கும் சக்தி இத்தேசத்துக்கு இல்லை. ஆதலால் நோய் முற்றும்வரை காத்திராது, அது கருக்கொள்ளும் நிலையிலேயே கண்டு தடுப்பதொன்றே நியாயமான மார்க்கம் என்பது அவர் கொள்கை. இதனை அவர் வெறும் உபதேசமாக விடவில்லை. சென்னையில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தின் வாயிலாக, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த கிராமங்களில், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை விட்டுப் புரதம் இறங்குகிறதா என்று பார்த்தல், பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சிச் சர்க்கரை உண்டா என்று பார்த்தல், இரத்த அழுத்தம் அளத்தல் ஆகிய மூன்றே அவர்கள் கைக்கருவிகள். குறை தென்பட்டவர் மட்டும் வைத்தியரிடம் அனுப்பப்பட்டு, இரத்தப் பரிசோதனையும், விலை மலிந்த பழைய மாத்திரைகளும் பெற்றனர். 2003-இல் இம்முயற்சியைப் பற்றி அவர் சர்வதேசச் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட கட்டுரை, மிகச் சொற்பப் பொருளில் ஒரு ஜனசமூகம் முழுவதையும் பாதுகாத்தல் இயலும் என்று நிறுவ முயன்றது.

இம்முயற்சியின் சரித்திர முக்கியத்துவத்தை உணர, ஸ்ரீரங்கத்துச் சாசனம் ஒன்றைச் சற்று நின்று நோக்குதல் தகும். சகம் 1415, அதாவது கி.பி. 1493-ஆம் ஆண்டைச் சேர்ந்த அச்சாசனம், ஸ்ரீநிவாசர் என்னும் கருடவாகன பட்டர் அரங்கன் கோயிலின் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, அங்கே தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. சாலையின் தொடக்கம் எக்காலத்தது என்பதில் ஆதாரங்கள் ஒருமுகப்படவில்லை. அதனை ஹொய்சளர் காலத்தோடு, பதின்மூன்றாம் நூற்றாண்டோடு, இணைப்பாரும் உளர். ஸ்ரீரங்கக் கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகோ இராமாநுஜர் காலத்திலேயே கருடவாகன பண்டிதர் ஒருவருக்கு அப்பணி அளிக்கப்பட்டதாகக் கூறும். ஒரே பெயர் தலைமுறைதோறும் வழங்கிய குடும்பமாதலின், எந்தச் செய்தி எந்தப் பண்டிதரைக் குறிக்கிறது என்பதைத் துணிந்து சொல்வதற்கில்லை. அத்தேதியை நான் தீர்க்கப் புகவில்லை. இங்கே எனக்கு வேண்டுவது சாசனம் காட்டும் வைத்திய முறை ஒன்றே. பிணியுற்றவன் தானே சாலையை நாடி வருகிறான். சாலை அவனுக்காகக் காத்திருக்கிறது. இக்காலத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளும், அளவிலும் அறிவிலும் எவ்வளவோ உயர்ந்திருப்பினும், இந்த ஒரு விஷயத்தில் அம்முறையையே தொடர்ந்து வந்தன. முதல் அறிகுறியே தோன்றாமல் சிறுநீரகத்தின் பெரும்பகுதியை அழித்துவிடும் இந்நோயில், காத்திருக்கும் வைத்தியம் தாமதித்த வைத்தியமாகவே முடியும். வாசலுக்கு ஆளனுப்பிய மணியின் முறை அவ்வழக்கத்தை முறித்தது. முறிவு அங்கேதான் நேர்ந்தது என்ற அளவில் அவர் வாசிப்பு மறுக்கவொண்ணாதது.

பிற்பாதிக்கு வருவோம். சிறுநீரகச் செயலிழப்பைத் தடுப்பது என்பது பிரதானமாக நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அடக்குவதே என்பது அம்முறையின் உட்கிடை. இக்கொள்கை பிற்காலப் பிரசாரம் முழுவதிலும் ஊறிவிட்டது. உலகச் சிறுநீரக தினம் 2009-இல் இரத்த அழுத்தத்தையும், 2010-இல் நீரிழிவையும் தன் பொருளாகக் கொண்டது. தமிழ்நாட்டு முகாம்களில் "பிரஷரும் சுகரும் இருந்தால் கிட்னியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்னும் போதனை நிலைத்தது அவ்விரண்டு ஆண்டுகளின் பயனா, அதற்கு முன்பே கிராமங்களிலிருந்து பரவியதா என்பதை ஆண்டு குறித்துச் சொல்லச் சான்று போதாது. போதனை மெய்யானதே, ஆயினும் அது முழு மெய்யன்று என்பதே என் வாதம்.

இவ்வாதத்துக்கு நான் முதன்மையாகக் கொள்ளும் சான்று, 2012-இல் வெளியான இந்திய நாட்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேடு. அதிற் கண்ட 52,273 நோயாளிகளுள் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவும், 13 பேருக்கு இரத்த அழுத்தமும் காரணமாகக் குறிக்கப்பட்டிருக்க, 16 பேருக்குக் காரணம் இன்னதென்றே எழுதப்படவில்லை. இரத்த அழுத்தத்தினும் பெரிய பங்கை இப்பெயரில்லாக் காரணம் பெற்றிருப்பதைப் பலர் படித்தும் கடந்து சென்றனர். அன்றியும், அப்பதினாறின்கண் அடங்கியோர் ஏனையோரினும் இளையவர், வறியவர், முற்றிய நிலையில் வந்தவர் என்றும் அப்பதிவேடே கூறுகிறது. முற்றிய பின் வந்தோரிடத்தில் மூலகாரணம் மறைந்துபோதல் இயல்பு. ஆதலால் அவர்களுள் சிலர் உண்மையில் நீரிழிவோ அழுத்தமோ உடையவராயிருந்திருக்கலாம் என்ற ஆட்சேபத்தை நான் ஒதுக்கவில்லை. எனினும் வெறும் தாமதமே காரணமாயின், அவர்கள் இளையவராயிருப்பதற்கு விளக்கம் கிடையாது. வறுமையும் இளமையும் கூடிய உடம்பு எங்கே இருக்கிறது என்று தேடினால், அது வயலிலும் உப்பளத்திலும் சூளையிலும் உழைத்துக்கொண்டிருக்கக் காண்கிறோம்.

இவ்வையத்தின் பிற பாகங்களும் இதற்குச் சாட்சி பகர்கின்றன. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா முதலிய நெல் விளையும் பகுதிகளில் 1990-களிலிருந்தும், ஆந்திரத்து ஸ்ரீகாகுளம் ஜில்லாவின் உத்தானத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், நீரிழிவோ அழுத்தமோ இல்லாத உழைப்பாளிகள் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தனர். வெப்பமா, பூச்சிமருந்தா, நிலத்தடி நீரின் குணமா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் உடன்படவில்லை. தமிழ்நாட்டிலோ, உப்பளத் தொழிலாளரிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆராய்ச்சியாளர் செய்த ஆய்வுகள், கடும் வெயிலில் உழைக்கும் உடலின் நீரிழப்பையும் சிறுநீரகச் செயற்குறைவையும் சேர்த்துக் காட்டின.

இங்கேதான் மணியின் மூன்று சோதனைகளாலான சல்லடையைப் பற்றிய என் ஆட்சேபம் வலுப்பெறுகிறது. இத்தகைய நோயில் தொடக்க நிலையில் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவோ, அறவே இல்லாமலோ இருக்கும், சர்க்கரை இராது, அழுத்தமும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வாசலுக்கு வந்த பெண் மூன்று சோதனைகளையும் பழுதறச் செய்தாலும் அவ்வுழைப்பாளி குற்றமற்றவராகவே தேறிவிடுவார். இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைப் பார்த்திருந்தாலன்றி உண்மை வெளிப்படாது. 1990-களில் அப்பரிசோதனையை ஒரு கிராமம் முழுவதற்கும் செய்யப் பணமில்லை என்பதை நான் அறிவேன். அன்றைய வசதிக்கேற்ற சல்லடையைச் செய்தவரைக் குறை கூறல் முறையன்று. அச்சல்லடையில் அகப்பட்டவையே நோயின் முழு உருவம் என்று பின்வந்த பிரசாரம் கொண்டதையே மறுக்கிறேன்.

இவ்வேறுபாடு எனக்கு ஏட்டளவில் நிற்பதொன்றன்று. காட்டூரையே எடுத்துக்கொள்வோம்: அது திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் சாலையில், உய்யக்கொண்டான் பாசன வயல்களுக்கும், திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலைக்கும், துவாக்குடி வெல்டிங் பட்டறைகளுக்கும் அணித்தாக உள்ள ஊர். நடவுக்கும் களைக்கும் செல்லும் பெண்கள், ஒதுங்க இடமில்லாமையால் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வதும், மாலையில் உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும் இச்சுற்றுவட்டாரத்தில் புதுமையன்று. நீரிழப்போடு வலிமாத்திரையும் கூடினால் சிறுநீரகத்துக்கு நேரும் கேடு வைத்திய நூல்கள் ஒருமுகமாய் ஒப்புவது. "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று இவர்களிடம் துண்டுப்பிரசுரம் கொடுப்பது, கழிப்பிடம் இல்லாத வரப்பில் பயனற்ற உபதேசமாகவே முடிகிறது.

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம், அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளையும், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர்க்குரிய திரவப் பைகளையும் வீட்டுக்கே கொண்டு சேர்த்தது. மணியின் முற்பாதி இங்கே அரசின் கொள்கையாயிற்று என்று சொல்லுதல் பொருந்தும். நேரான தொடர்ச்சி இருந்ததா என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட இயலாதாயினும், முறையின் ஒற்றுமை வெளிப்படை. ஆயினும் தொடங்கியபோது அதுவும் வீட்டைத் தேடியே சென்றது. பகலில் அவ்வீட்டில் இல்லாத உழைப்பாளியைத் தேடி வரப்புக்கும் பட்டறைக்கும் செல்லுதல் இவ்வரலாற்றின் அடுத்த படியாக வேண்டும். மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் நீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் முதலாளியின் கடமையாக்கும் முயற்சி முன்னரே நடந்துள்ளது. கிரியேட்டினின் பரிசோதனை இன்று சிற்றூர்ச் சோதனைக்கூடங்களிலும் எளிதாகிவிட்ட நிலையில், வெயிலிலும் உலைமுன்னும் உழைப்போர்க்கு ஆண்டுக்கொருமுறையாவது வேலையிடத்திலேயே அதனைச் செய்வதும், நிழலும் கழிப்பிடமும் அமைப்பதும் பிரசாரத்தின் பகுதிகளாகக் கருதப்பட வேண்டும். பெயரில்லாக் காரணம் எதுவென்று விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லும்வரை இதற்குக் காத்திருத்தல் அவசியமில்லை. காரணம் பின்னர் வெப்பமன்று எனத் தெரியினும், நிழலும் நீரும் பெற்ற தொழிலாளி அதனால் நஷ்டமடையப் போவதில்லை. காரணம் வெப்பமே எனத் தெரியுமாயின், காத்திருந்த ஆண்டுகளில் இழந்த உயிர்களை எவரும் மீட்டுத்தர முடியாது.