ஊசி சென்ற வழி

கழுத்துக் கட்டியின் உள்ளிருப்பது யாதெனக் கூர்ங்கருவியால் ஆராய்ந்த பின்னரே கத்தியை எடுக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் எழுதினார், குர்துபாவின் அறுவை மேதை அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி. 30 பாகங்கள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பாகத்தில் இது உள்ளது. இதைக் கொண்டு இன்றைய திசுப் பரிசோதனையை அவரே கண்டார் எனப் பெருமை பேசுவது மிகை. நுண்ணோக்கி இல்லாத காலம் அது. ஆனால் அறிந்த பின்னரே அறுத்தல் என்னும் ஒழுங்கை அவர் வற்புறுத்தினார்.

அவ்வொழுங்கு பிராஸ்டேட் சுரப்பியை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே மறைந்து கிடப்பது அச்சுரப்பி. மருத்துவர் மலவாய் வழியே தொட்டுப் பார்த்தால் கடினமான தடிப்பு தென்படலாம்; அது புற்றுதானா என்பதை விரல் சொல்லாது. எனவே விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை அறுத்துத் திறந்து துணுக்கு எடுத்தனர். 1930-ல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ரஸ்ஸல் ஃபெர்குசன், அறுக்காமல் அவ்விடத்துத் தோலின் வழியே ஊசியைச் செலுத்தி அணுக்களை உறிஞ்சியெடுத்து ஆராய்ந்தார். 1937-ல் அஸ்த்ரால்டி மற்றொரு வழியை எழுதினார். மலக்குடலின் சுவரைத் துளைத்தால் சுரப்பி மிக அண்மையில் உள்ளது! அந்தக் குறுக்குவழியே பின்னாளில் உலகெங்கும் நிலைபெற்றது.

அண்மையில் இருந்தென்ன, ஊசிக்குக் கண் இல்லையே! புற்று ஓரிடத்தில் இருக்க ஊசி வேறிடத்தில் பாயும். 1960களின் இறுதியில் ஜப்பானிய மருத்துவர் வதனபே, மலக்குடலினுள் கேளா ஒலிக் கருவியை வைத்துச் சுரப்பியின் உருவத்தைக் கண்டார். 1989-ல் ஸ்டான்ஃபோர்டின் ஹாட்ஜும் உடன் பணியாற்றியோரும் பக்கத்துக்கு மூன்றாக 6 இடங்களில் ஒழுங்காகத் துணுக்கு எடுக்கும் முறையை வகுத்தனர். பிறகு அது 12 வரை பெருகிற்று. இதுவும் வலைவீச்சுத்தான், தீங்கு செய்யாத சிறு புற்று சிக்கும், கொடியது நழுவிப் போகும்.

குறுக்குவழிக்கு ஒரு விலையும் இருந்தது. மலக்குடலின் கிருமிகள் ஊசியோடு சுரப்பிக்குள்ளும் இரத்தத்திலும் புகுந்தன. நோயை அறிய வந்தவர் கடுங்காய்ச்சலில் வீழ்வதும், அரிதாக உயிர் துறப்பதும் நேர்ந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவே, 2021-ல் ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கம் தோல் வழியையே முன்னிறுத்திற்று. ஃபெர்குசன் தொடங்கிய இடத்துக்கே ஊசி திரும்பி வந்தது.

நம் இல்லங்களில் முதியோர் பலர், ஊசி பட்டால் புற்று பரவும் என அஞ்சி, சிறுநீர்த் தடையைப் பிள்ளைகளிடமும் மறைக்கின்றனர். இச்சுரப்பியில் ஊசித் தடத்தின் வழியே புற்று பரவுவது மிக மிக அரிது. எல்லார்க்கும் ஊசி வேண்டும் என்பதுமில்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், 500 ஆண்களுள் ஒரு பாதியினர்க்கு வழக்கம்போல் ஊசி குத்தினர். மறுபாதியினர்க்கு முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ஐயத்துக்குரிய இடத்தில் மட்டுமே குத்தினர். சிகிச்சைக்குரிய புற்று முன்னவருள் நூற்றுக்கு 26 பேரிடமும், பின்னவருள் 38 பேரிடமும் அகப்பட்டது. படம் எடுத்தவருள் நூற்றுக்கு 28 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை.