மறதி, மயக்கம், மங்கல்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் வழக்கு

மறதி, மயக்கம், மங்கல் ஆகியவை முறையே நினைவு குறைதலையும் அறிவு குழம்புதலையும் புலனறிவு மறைபடுதலையும் குறிக்கத் தமிழில் வழங்கும் மூன்று சொற்குடும்பங்கள். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் முதலிய ஊர்கள் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இச்சொற்களோடு யாழ்ப்பாண வழக்கும் ரப்பர் தோட்ட வழக்கும் மலாய், ஆங்கிலச் சொற்களும் கலந்து வழங்குகின்றன. மலேசியாவில் முதியோர் தொகை விரைந்து பெருகி வருகிறது. 2030ஆம் ஆண்டளவில் 60 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருப்பர் என்பது மதிப்பீடு. வீட்டுப் பெரியவருக்கு நேர்ந்த மாற்றத்தைக் குடும்பத்தார் எந்தச் சொல்லால் சொல்கிறார்களோ, அதைக் கொண்டே மருத்துவர் தம் முதல் கேள்வியைத் தொடங்குகிறார். ஆகவே இச்சொற்களின் வேறுபாட்டை அறிவது முதியோர் பராமரிப்பின் ஒரு பகுதியாகும்.

சொற்குடும்பங்கள்

மறதி: ‘மற’ என்னும் வினையடியிலிருந்து மறப்பு, மறவி, மறதி ஆகியவை பிறந்தன. முன்பு மனத்தில் இருந்தது இப்போது இல்லாமற்போவது இவற்றின் பொதுப்பொருள். பழந்தமிழில் இதற்கு நெருக்கமான சொல் பொச்சாப்பு. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் ‘பொச்சாவாமை’ என்றே பெயர் பெற்றது. அங்கே பேசப்படுவது மூப்பால் வரும் மறதி அன்று. மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறக்கும் சோர்வு. மறதியை அக்கறைக் குறைவாகக் காணும் அந்தப் பார்வை இன்றைய வீடுகளிலும் தொடர்கிறது. “அக்கறை இருந்தா மறக்குமா?” என்று நோயுற்ற முதியவரைக் கடிந்துகொள்வோர் பலர். மூளையின் உயிரணுக்கள் சிதைவதால் வரும் மறதியை மனத்தின் சோம்பலாக எண்ணுவதால் விளையும் தவறு இது.

மயக்கம்: ‘மயங்கு’ என்பதன் அடிப்படைப் பொருள் கலத்தல். ஒரு மெய்யெழுத்தோடு மற்றொரு மெய் கூடி வருவதை இலக்கணத்தார் மெய்ம்மயக்கம் என்பர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. கலந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாத நிலையே அறிவைப் பொறுத்தவரை மயக்கம் ஆயிற்று. மயர்வு, மருள், மையல், மால், மம்மர், பேது ஆகியவை இதன் உறவுச் சொற்கள். இவற்றுள் மருள் என்பதோடு தொடர்புடைய மருட்கை, தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாகி வியப்பைக் குறித்தது. மருளுக்கு எதிர்ச்சொல் தெருள்.

மங்கல்: ஒளியோ கூர்மையோ குறைவதை மங்கல், மழுங்கல் என்பர். கண் மங்கல், காது மந்தம், புத்தி மழுங்கல் எனப் புலனுக்கும் அறிவுக்கும் பொதுவாக இவை வழங்கும். கண்ணில் வெண்மை படர்வதைப் பேச்சு வழக்கில் ‘பூ விழுதல்’ என்பர். ‘மசமசன்னு தெரியுது’, ‘பொகையா இருக்கு’ என்பன கண்புரை உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் தொடர்கள்.

நூல் மரபு

தவறான அறிவை வகைப்படுத்திய முயற்சி தமிழில் பழமையானது. மணிமேகலையின் 27ஆம் காதையாகிய ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ அளவைகளில் நேரும் குற்றங்களாக எட்டினைக் கூறுகிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக் கோடல்; இதுவோ அதுவோ எனத் தடுமாறுவது ஐயம்; ஆராயாமல் துணிவது தேராது தெளிதல்; கண்டும் அறியாமலிருப்பது கண்டுணராமை. நினைவு தப்பும் முதியவரிடம் குடும்பத்தார் காணும் தடுமாற்றங்களை விவரிக்க இப்பாகுபாடு இன்றும் உதவும். மகனைத் தம்பி என்று அழைப்பது திரியக் கோடல். ‘இவன் யாரோ’ என்று தயங்குவது ஐயம். கண்ணெதிரே உள்ள மூக்குக் கண்ணாடியைக் கண்டும் அறியாமல் தேடுவது கண்டுணராமை.

சைவ சித்தாந்தம் மறைப்பை ஒரு தத்துவமாகவே வளர்த்தது. இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று மறைத்தல்; அதைத் திரோதானம் என்பர். ஆணவ மலம் செம்பில் களிம்புபோல உயிரைப் பற்றி அதன் அறிவை மறைக்கிறது. ஆனால் அறிவு அழிவதில்லை என்பது அதன் கொள்கை. விழிப்பு முதல் உயிர்ப்படங்கல் வரையான உணர்வு நிலைகளை சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாகப் பகுத்ததும் இம்மரபே. பிரிக்பீல்ட்ஸின் ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கந்தசுவாமி கோயில் இம்மரபு மலேசிய மண்ணில் வேரூன்றிய இடங்களில் ஒன்று. பெற்றவர் தம்மை அடையாளம் காணாத நாளிலும் ‘உள்ளே அவர் இருக்கிறார்’ என்று நம்பும் பிள்ளைகளுக்கு இக்கொள்கை பெரும் பிடிமானமாக அமைகிறது.

வட்டார வழக்கு

யாழ்ப்பாண வழக்கு: மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த இலங்கைத் தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸில் நெருங்கி வாழ்ந்தனர். மூப்பில் புத்தி தடுமாறுவதை அவர்கள் ‘அறளை பெயர்தல்’ என்பர். பேச்சில் ‘அறளை பேந்திட்டுது’ என்று வரும். பைத்தியம் என்னும் பழியின்றி, மூப்போடு மட்டும் இணைத்துப் பேசும் தனிச்சொல் இது.

தோட்ட வழக்கு: 1980, 1990களில் ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம்விட்டபோது, வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் பகுதிகளின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அந்தத் தலைமுறையினரின் நினைவு பின்னோக்கிச் செல்லும்போது தோட்டச் சொற்களும் திரும்பி வருகின்றன. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு, மங்கு எங்க?” என்று கேட்கும் மூதாட்டியின் பேச்சு உளறல் அன்று. பெரட்டு என்பது வேலையாட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம். மங்கு என்பது பால்மரத்தில் கட்டும் கிண்ணம். அண்மைக்கால நினைவுகள் முதலில் அழிவதும், இளமையில் பதிந்தவை நெடுநாள் நிற்பதும் அல்சைமர் நோயின் பொதுவான போக்கு. தோட்டம் அறியாத பேரப்பிள்ளைகளுக்கும் பிற இனப் பணிப்பெண்களுக்கும் இச்சொற்கள் புரியாததால், பொருளுள்ள பேச்சும் குழப்பமாகவே பதிவாகிறது.

இடப்பெயர்களிலும் இதே நிலை. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010 அக்டோபரில் அப்பகுதி ‘லிட்டில் இந்தியா’ ஆகத் திறந்துவைக்கப்பட்டது. ‘ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ எனப்பட்ட அரசுக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கே வளர்ந்தவர் “குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் போகணும்” என்று அடம்பிடித்தால், அவர் கேட்கும் வீடு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது என்பதைப் பராமரிப்பவர் அறிந்திருப்பது நல்லது.

கலப்புச் சொற்கள்: மூப்பு மறதிக்கு மலாயில் வழங்கும் ‘ஞாஞோக்’ என்ற சொல் தமிழர் பேச்சிலும் புகுந்துள்ளது: “தாத்தா ஞாஞோக் ஆயிட்டாரு.” தலைசுற்றலுக்கு ‘பெனிங்’ என்பர். ஆங்கிலத்திலிருந்து வந்த ‘பிளர்’ என்பது மலேசியாவில் புதுப்பொருள் பெற்று, சொன்னது விளங்காமல் விழிப்பவரைக் குறிக்கிறது. இளையவர் ஒருவரை “ஏன் இன்னைக்கு பிளரா இருக்கே?” என்பது கேலி. ஆனால் நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் இன்று ‘பிளரா’ இருந்தால் அது மருத்துவ அவசரம்.

பழிச்சொற்கள்: பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. ஆனால் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப்பெயரே மலேசியர் எல்லோரிடையிலும் பைத்தியத்தைச் சுட்டும் ஏச்சாக மாறிவிட்டது. ‘புத்தி கெட்டது’, ‘காத்துக் கருப்பு’, ‘செய்வினை’ என்ற விளக்கங்களும் வழங்குகின்றன. இவற்றால் குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மருத்துவரிடம் செல்வது தள்ளிப்போகிறது.

மருத்துவ வேறுபாடுகள்

மறதி நோய்: டிமென்ஷியா என்பதைத் தமிழில் மறதி நோய், முதுமை மறதி என்பர். நினைவோடு மொழி, திட்டமிடல், இடமறிதல் ஆகியவையும் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் சிறிது சிறிதாகக் குறைந்து, அன்றாட வாழ்வைத் தடுக்கும் நிலை இது. இதன் முதன்மை வகை அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் இதனை விவரித்தார். 1910இல் எமில் கிரேப்பெலின் அவர் பெயரைச் சூட்டினார். மலேசியச் சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டு ஆய்வில் 60 வயதைக் கடந்தோருள் 8.5 விழுக்காட்டினரிடம் மறதி நோய்க்கான அறிகுறிகள் காணப்பட்டன.

சன்னி: காய்ச்சல் மிகுந்து பிதற்றுவதைச் சித்த மருத்துவ வழக்கில் சன்னி என்பர், பேச்சில் ‘ஜன்னி கண்டுருச்சு’. இக்கால மருத்துவம் கூறும் திடீர்க் குழப்ப நிலைக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் இதுவே. மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ தொடங்கும், ஒரே நாளில் கூடிக் குறையும், கவனம் நிற்காது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்து இழப்பு, உப்புச்சத்துக் குறைவு, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை வழக்கமான காரணங்கள். முதியவர்களிடம் காய்ச்சலே இல்லாமலும் வரலாம். காரணத்தைக் கண்டு தீர்த்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும் என்பதால் இதை ‘வயசானா இப்படித்தான்’ என்று விட்டுவிடலாகாது.

இரத்தச் சர்க்கரைக் குறைவு: நீரிழிவை மலேசியத் தமிழர் ‘இனிப்பு நீர்’ என்பர். 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடமே அது மிக அதிகம். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவறவிட்டவர் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறி நிற்பார். வீட்டில் இதையும் ‘மயக்கம்’ என்றே சொல்வார்கள். ஒரே சொல் தலைசுற்றலையும் மூர்ச்சையையும் அறிவுக் குழப்பத்தையும் குறிப்பதால், ‘மயக்கம்’ என்பதோடு நில்லாமல் எப்போது தொடங்கியது, விழித்திருந்தாரா, பேச்சு சரியாக இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய் கோணுதல், ஒருபக்கக் கை கால் தளர்தல் ஆகியவற்றோடு குழப்பம் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

அந்தி மயக்கம்: மறதி நோயுற்றோர் பலர் மாலை நேரத்தில் அமைதியிழந்து, வெளியே போக முற்படுவர். பொழுது சாய்வதைத் தமிழர் ‘அந்தி மயங்குதல்’ என்றே சொல்வதால், இந்நிலைக்கு அந்தி மயக்கம் என்னும் பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. விளக்குகளை முன்னதாகவே ஏற்றிவைப்பதும் பகல் தூக்கத்தைக் குறைப்பதும் உதவக்கூடும்.

தீர்க்கக்கூடிய காரணங்கள்: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை மறதி நோய்போலத் தோன்றலாம். மலாயில் ‘பெகாகா’ எனப்படும் வல்லாரை கிள்ளான் பள்ளத்தாக்குச் சந்தைகளில் எளிதில் கிடைக்கும். நினைவைக் கூட்டும் என்ற நம்பிக்கையோடு உண்ணப்படுகிறது. கீரையாக உண்பதில் தவறில்லை. பரிசோதனைக்கு அது மாற்றாகாது.

புலன் மங்கலும் போலிக் காட்சியும்

பார்வை, செவித்திறன் ஆகியவற்றின் குறைவு அறிவுக் குறைவாகத் தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. கேள்வி காதில் விழாமல் பொருந்தாத பதில் சொல்பவரை ‘பேத்துறார்’ என்பார்கள். கண் மங்கிய முதியவர்கள் சிலருக்கு இல்லாத மனிதர்களோ பூக்களோ கோலங்களோ தெளிவாகத் தெரியும். சுவிஸ் அறிஞர் சார்ல் பொன்னே 1760இல் தம் பாட்டனாரிடம் கண்டு எழுதிய நிலை இது. மூளை காட்சியின்மையைத் தானே நிரப்பிக்கொள்வதால் நேர்வது, மனநோய் அன்று. அகப்பொருள் மரபில் பிரிந்தவரின் உருவம் கண்முன் தோன்றுவதைக் குறித்த ‘உருவெளித்தோற்றம்’ என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்தும்.

1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது. வெண்கோலுடன் நடப்போர் அப்பகுதியின் அன்றாடக் காட்சி. 2024இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை கவனிக்கப்படாத பார்வைக் குறைவையும் செவித்திறன் குறைவையும் மறதி நோய்க்கான 14 தடுக்கக்கூடிய காரணிகளுள் சேர்த்துள்ளது. எனவே கண்புரை அறுவையும் காதுக் கருவியும் நினைவைக் காக்கும் வழிகளாகவும் கருதத்தக்கவை.

மதிப்பீட்டில் மொழி

நினைவாற்றலை அளக்க 1975இல் வெளிவந்த 30 மதிப்பெண் சோதனையும், மான்ட்ரியாலில் உருவாகி 2005இல் வெளிவந்த சோதனையும் பரவலாகப் பயன்படுகின்றன. பள்ளிக் கல்வி குறைந்தவர்கள் நோயில்லாமலே இவற்றில் குறைந்த மதிப்பெண் பெறக்கூடும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில வகுப்புகள் மட்டும் படித்தவரை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்தால் முடிவு பிழைபடும். 1975ஆம் ஆண்டுச் சோதனையின் ஆங்கில வடிவில் ‘இப்போது என்ன பருவம்?’ என்ற கேள்வி உண்டு. நால்வகைப் பருவமில்லாக் கோலாலம்பூரில் அதற்கு விடை சொல்வது யார்க்கும் கடினம். தமிழில் பேசக்கூடிய ஒருவர் உடனிருப்பதும், உடன் வந்தவர் தாமே விடை சொல்லிவிடாமல் கேள்வியை மட்டும் மொழிபெயர்ப்பதும் இன்றியமையாதவை.

சொல் சீர்திருத்தம்

நோயின் பெயரை மாற்றி இழிவைக் குறைத்த முன்மாதிரிகள் உண்டு. ஜப்பான் அரசு 2004இல் மந்த புத்தியைச் சுட்டிய பழைய சொல்லை நீக்கி, அறிதலைக் குறிக்கும் புதிய சொல்லை ஏற்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் கையேட்டில் ‘நரம்பியல் அறிதிறன் கோளாறு’ என்ற வகையைக் கொண்டுவந்தது. தமிழில் மறதி நோய் என்ற பெயர் எளிமையானது, யாரையும் இழிவுபடுத்தாது, நோய் என்று வெளிப்படையாகச் சொல்வதால் சிகிச்சையை நாடத் தூண்டுகிறது. நோயுற்றவரை ‘பைத்தியம்’, ‘ஞாஞோக்’ என்று சுட்டுவதை விடுத்து, ‘அப்பாவுக்கு மறதி நோய் இருக்கு’ என்று சொல்லப் பழகுவதே கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் செய்யத்தக்க எளிய சீர்திருத்தம்.

உதவியும் உரையாடலும்

மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை 1997 முதல் செயல்படுகிறது. பெட்டாலிங் ஜெயாவில் அதன் பராமரிப்புப் பணிகள் நடைபெறுகின்றன. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற அரசு மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவப் பிரிவுகள் உள்ளன. குடும்பங்கள் முதலில் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தை அணுகிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

பராமரிப்பவர் பேசும் முறைக்கும் சில நெறிகள் உண்டு. “நான் யார்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று சோதிக்காமல், “அப்பா, நான் மூத்தவன் வந்திருக்கேன்” என்று தாமே உறவைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்ல வேண்டும். இறந்துபோன மனைவியைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தியைப் புதிதாகச் சொல்லாமல், அவரைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கலாம். பின்னர் கற்ற மொழிகள் முன்னதாக நழுவிப் போகக்கூடும் என்பதால், முதியவர் பிறந்து வளர்ந்த தமிழிலேயே, அவர் பழகிய முறையிலேயே பேசுவது அவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஆதரவாகும்.