குருப்பட்டம் பெற்றவரும் பெறாதவரும்



தமிழ் லுத்தரன் சபையின் வரலாறு என்றதும் சீகன்பால்குவின் பெயரே நம் நினைவுக்கு வரும். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 ஆம் நாள் தம் நண்பர் புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் அவர். மணலில் எழுதிப் பழகும் சிறுவர்களோடு அமர்ந்து தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சேற்றினார். 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். மறு ஆண்டே, 36 வயதில் மறைந்தார். அவருக்குப் பின் அச்சபையை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் யாவர்? அவர்களுள் இருவரை இங்கு நினைவுகூர விழைகிறேன்.

முதலாமவர் ஆரோன். கடலூரில் வணிகக் குடும்பமொன்றில் ஆறுமுகமாகப் பிறந்தவர். மிஷன் பள்ளியில் பயின்று, 1718-இல் திருமுழுக்குப் பெற்றார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்தார். 1733 டிசம்பர் 28 ஆம் நாள் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியர்களுள் முதல் லுத்தரன் குரு அவரே. 1745-இல் மறையும்வரை தரங்கம்பாடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஊழியம் செய்தார். ஓர் ஆசிரியர் அச்சபையின் முதல் தமிழ்க் குருவானார் என்பது ஆசிரியப் பணியில் இருக்கும் எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

இரண்டாமவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த கத்தோலிக்கர். பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்ததன் பயனாக 1720களின் இறுதியில் லுத்தரன் சபையில் இணைந்தார். படைப்பணியைத் துறந்து உபதேசியாரானார். ஐரோப்பிய மிஷனரிகள் விரும்பியபடி தஞ்சை நாட்டிற்குள் நடமாட இயலாத காலம் அது. அங்குள்ள சிறு சபைகளைக் கட்டிக்காத்தவர்கள் அவரைப் போன்ற உபதேசியார்களே.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு தமிழரைக் குருவாக்கும் பேச்சு எழுந்தது. இராஜநாயக்கனின் தகுதியை மிஷனரிகள் ஐயுறவில்லை. எனினும், அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவர் என அஞ்சி அவரை விலக்கினர். 1741-இல் தியோகு என்பவர் குருவானார். விசுவாசிகள் அனைவரும் கடவுள் முன் குருக்களே என்று மார்ட்டின் லுத்தர் 1520-இல் எழுதியிருந்தார். அவர் பெயரைத் தாங்கிய சபையே இவ்விடத்தில் சாதிக்குப் பணிந்தது. ஆலயத்திற்குள்ளும் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் அன்று இருந்தது.

இராஜநாயக்கன் சபையை விட்டு விலகவில்லை. 1771-இல் மறையும்வரை உபதேசியாராகவே தொடர்ந்தார். மீட்பு என்பது மனிதன் உழைத்து ஈட்டுவதன்று, அருளால் கிடைப்பது. ஊழியம் அதற்கு மனிதன் செலுத்தும் நன்றி என்பது லுத்தரன் போதனை. அப்போதனைக்கு இவருடைய வாழ்வைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அதே வேளையில், அவருடைய பொறுமையைப் புகழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அவர் பொறுத்துக்கொண்டார் என்பதால் அவருக்கு இழைக்கப்பட்டது நீதியாகிவிடாது. அர்ப்பணிப்பு மிக்கவர்களின் மீதே அதிகச் சுமையை ஏற்றுவதும், சிறப்புச் செய்யும் வேளையில் அவர்களை மறப்பதும் சபைகளில் மட்டுமா நிகழ்கின்றன? நம் பள்ளிகளிலும் சங்கங்களிலும் இதைக் காண்கிறோமே!

தரங்கம்பாடியில் தொடங்கிய அம்மரபிலிருந்தே 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. இங்குக் குடியேறிய தமிழர்கள் அதே மரபை மலாயாவிற்கும் கொண்டுவந்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் உள்ள சீயோன் ஆலயம் அதன் தொடர்ச்சியே. அவ்வழியே செல்லும்போது சீகன்பால்குவை நினைப்போம், ஆரோனை நினைப்போம், குருப்பட்டம் மறுக்கப்பட்ட இராஜநாயக்கனையும் மறவாமல் நினைப்போம்.