தொழில்வழிச் சிகிச்சை

நோயாலோ விபத்தாலோ பிறவிக் குறையாலோ முதுமையாலோ தம் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் சக்தியை இழந்தவர்களுக்கு, அக்காரியங்களையே சிகிச்சையின் சாதனமாகவும், அவற்றை மீண்டும் செய்ய வல்லவராவதையே சிகிச்சையின் பயனாகவும் கொண்டு நடத்தப்பெறும் மருத்துவத் துறை இது. குளித்தல், உடுத்தல், உண்ணல், சமைத்தல், பள்ளி செல்லுதல், பிள்ளைகளின் விளையாட்டு, கோயிலுக்குப் போய் வருதல் ஆகிய யாவும், ஊதியம் தரும் வேலையைப் போலவே, இத்துறையில் தொழில் என்றே கருதப்படும். இயன்முறை மருத்துவம் தசையின் வலிமையையும் மூட்டின் அசைவையும் முதன்மையாக நோக்க, இது அந்த அசைவைக் கொண்டு மனிதர் செய்ய விரும்பும் காரியத்தை நோக்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஃபிலிப் பினேலும் இங்கிலாந்தில் வில்லியம் டியூக்கும் மனநோயாளரைச் சங்கிலியில் பூட்டுவதை விடுத்துப் பரிவோடும் ஒழுங்கான வேலையோடும் பேணத் தலைப்பட்டதிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. 1917-இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இதற்கென முதற்சங்கம் கூடியது. அதைக் கூட்டிய ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் மருத்துவரல்லர், காசநோயாலும் இடப்பக்க வாதத்தாலும் துன்புற்ற கட்டடக் கலைஞர் என்பது விசேஷமாகக் கருதத்தக்கது. நோயாளியின் அனுபவமே ஒரு மருத்துவத் துறைக்கு வித்தான நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. அவரோடு கூடியவர்களுள் எலினார் கிளார்க் ஸ்லேகல் சிதைந்த பழக்கங்களை மீட்கும் பயிற்சியை வகுத்தார். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்னும் நான்கின் லயம் கெடுவதே மனநோயின் பெரும்பகுதி என்ற கொள்கையை அடால்ஃப் மேயர் 1922-இல் வெளியிட்டார். முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்கள் திரும்பியபோது தறியும் தச்சும் கூடை முடைதலும் மருத்துவமனைகளுக்குள் இடம்பெற்றன.

இந்தியாவில் இதற்கு அடிகோலியவர், அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார். 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியே நம் நாட்டின் முதற்பள்ளி. 1952-இல் அகில இந்தியச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு தோன்றிய உலகச் சம்மேளனத்தின் ஸ்தாபக நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில், அன்றாடக் காரியமே சிகிச்சையின் சாதனமும் பயனும் என்னும் கொள்கையின் உண்மை மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் வேலூர். 1946-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வலுவுள்ள தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். ஆனால் கை நிமிர்ந்த பின்பும் ஊரில் வேலையோ குடியிருக்க வீடோ கிடைக்காமல், பிச்சை கேட்கவும் அக்கை பயன்படாமல், சிலர் முன்னிலும் அதிகம் துயருற்றனர் என்பதைக் கண்டபோதுதான் அறுவை சிகிச்சை பாதி வழியே என்பது புலப்பட்டது. அதனால் எழுந்த புதுவாழ்வு மையத்தில் அவர்கள் தச்சுவேலை கற்றனர். உணர்ச்சியற்ற கையில் உளியின் பிடி எவ்வளவு அழுத்துகிறது, சூடான பாத்திரத்தை எப்படி எடுப்பது என்று ஒவ்வொரு செயலையும் ஆராய்ந்ததில், விரல்கள் குறைந்து போவதற்கு நோய் நேர்க்காரணமன்று, வலியறியாமல் நேரும் அன்றாடக் காயங்களே காரணம் என்ற பேருண்மை தெரிந்தது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே இக்கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் பயின்று திரும்பி மறுவாழ்வுத் துறையை ஏற்றார். 1966-இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

இத்துறையின் கருத்துகளுள் முதன்மையானது செயற்பகுப்பு, அதாவது ஒரு காரியத்தை அதன் உறுப்பசைவுகளாகவும் அறிவுத் தேவைகளாகவும் பிரித்தறிதல். காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை போன்ற நெசவாளர் ஊரில் பக்கவாதமுற்ற ஒருவரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். குழித்தறியில் அமர முதுகு தாங்க வேண்டும். மிதியை மாறிமாறி அழுத்தக் கால்கள் ஒத்துழைக்க வேண்டும். ஒரு கை நாடாவை ஓட்ட மறு கை பலகையை இழுத்தடிக்க வேண்டும். அறுந்த இழையைப் பிணைக்க விரல் நுனியும் கண்ணும் இணைய வேண்டும். கோர்வைக் கரைக்கு எண்ணிக்கை தவறாத நினைவு வேண்டும். இவற்றுள் எது தவறிற்று என்றறிந்த பின்னரே சிகிச்சை தொடங்கும். ராட்டையில் தார் சுற்றுவது போன்ற எளிய வேலையில் தொடங்கி மெல்லக் கடினப்படுத்துவது படிநிலைப்படுத்தல். உடல் முழுதும் மீளாதெனத் தெரிந்தால், இருக்கையை உயர்த்துதல், பிடியைப் பருமனாக்குதல், விரலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் அணிவித்தல் முதலியவற்றால் காரியத்தையே மனிதருக்கு இசைவிப்பது தகவமைப்பு. 1980-இல் கேரி கீல்ஹோஃப்னர் வகுத்த மாதிரி, இவற்றோடு நோயாளியின் விருப்பத்தையும் பழக்கத்தையும் சூழலையும் சேர்த்து நோக்கியது. எனவே மீண்டும் தறியில் அமர விரும்புகிறாரா என்று அவரையே கேட்பதும் சிகிச்சையின் அங்கமாயிற்று. இக்கேள்வியைத் தவிர்த்த சிகிச்சையைப் பூரணமானதென்று சொல்ல இயலாது.

2021-இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைமருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தில் இத்துறையும் இடம்பெற்றுள்ளது. ஆயினும், நோயாளியின் திறனை அளக்க இத்துறை கையாளும் மேலைநாட்டு மதிப்பீட்டுப் படிவங்கள் கட்டிலையும் மேசையையும் கரண்டியையும் கருதி அமைந்தவை. தரையில் சம்மணமிட்டு உண்பவரையும், குந்தியமர்ந்து கழிப்பிடம் செல்பவரையும், குழிக்குள் கால்விட்டு நெய்பவரையும் அளக்க அவற்றைத் திருத்தியமைப்பது இங்குள்ள சிகிச்சையாளருக்கு இன்றும் உரிய பணியாகும்.