‘மற்றைய கதை’: ஒரு கண்காட்சியின் பெயரும் இனங்குறித்தலும்

முன்னுரை

1989 நவம்பர் 29 முதல் 1990 பிப்ரவரி 4 வரை இலண்டனின் ஹேவர்ட் கலைக்கூடத்தில் ‘தி அதர் ஸ்டோரி’ என்னும் கண்காட்சி நடைபெற்றது. பிரிட்டனில் குடியேறிய ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் கலைஞர்களும் அவர்தம் வழியினருமாக 24 பேரின் படைப்புகள் அதில் இடம்பெற்றன. புலம்பெயர்ந்தோர் கலையைத் தொகுத்துக் காட்டும் பணியில் பெயரிடுதல் எத்தகைய சிக்கலை எழுப்பும் என்பதை இக்கண்காட்சியின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுப்பின் நோக்கம்

இதனைத் தொகுத்தமைத்த ரஷீத் அராயீன் 1935இல் கராச்சியில் பிறந்து 1964இல் இலண்டன் சென்ற கலைஞர். 1978இலேயே அவர் முன்வைத்த திட்டம் பத்தாண்டுகளுக்குப் பின்னரே நிறைவேறியது. கோவாவில் பிறந்து 1949இல் இலண்டன் சென்ற எஃப். என். சூசா, கொழும்பின் ‘43 குழு’வைச் சேர்ந்த ஐவன் பீரிஸ் முதலியோர் ஐரோப்பியருடன் ஒரே காலத்தில் நவீன ஓவியம் படைத்தவர்கள், எனினும் பிரிட்டானியக் கலைவரலாறு அவர்களுக்கு உரிய இடம் தரவில்லை. அவ்விடத்தை மீட்பதே தொகுப்பாளரின் நோக்கம்.

பெயரும் மறுப்பும்

‘மற்றையது’ என்னும் சொல், சுட்டிய பொருளை ஒழித்து அதன் இனமாகிய பிறிதொன்றைக் குறிக்கும் என்பது தொல்காப்பிய இடையியல் கூறும் இலக்கணம். கொணர்ந்த ஆடையை வேண்டாதவன் ‘மற்றையது’ கேட்பின், அவன் கேட்பதும் ஆடையே. இவ்வகையில் நோக்கின், ‘மற்றைய கதை’யும் நவீனத்துவத்தின் கதையே; வேறினப் பொருளன்று.

ஆனால் கண்காட்சியின் துணைத்தலைப்பு ‘போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஆப்பிரிக்க-ஆசியக் கலைஞர்கள்’ என அமைந்தது. ‘வகை’ எனப் பொருள்படும் இனம், இங்கு ‘பிறப்பு’ எனப் பொருள்படும் இனமாகத் திரியும் வாய்ப்பு ஏற்பட்டது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர், துருவ மிஸ்திரி, கிம் லிம் உள்ளிட்ட சிலர் பங்கேற்க மறுத்தனர். பிறப்பால் தொகுக்கப்படுவதைக் கபூர் ஏற்கவில்லை. இனி, பங்கேற்ற 24 பேருள் பெண்கள் நால்வர் மட்டுமே என்பதும் நோக்கத்தக்கது. விடுபட்டோரை மீட்ட தொகுப்பிலும் விடுபட்டோர் இருந்தனர்.

முடிவுரை

பங்கேற்க மறுத்த கபூர் 1990இல் வெனிஸ் கலைவிழாவில் பிரிட்டனின் சார்பில் தம் படைப்புகளை வைத்தார். பங்கேற்ற நால்வருள் லுபைனா ஹிமிட் 2017இல் டர்னர் பரிசு பெற்றார். மற்றொருவரான சோனியா பாய்ஸ் 2022இல் அதே வெனிஸில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்றுத் தங்கச் சிங்க விருதைப் பெற்றார். இருவேறு வழிகளும் ஓரிடத்தையே சென்றடைந்தன. இடைவெளி 32 ஆண்டுகள். பெயரை ஏற்காதவர் தம் பெயரால் தனித்து முன்சென்றார். பெயரை ஏற்றோரின் தொகுப்போ, மறக்கப்பட்ட முன்னோரையும் உடன்கொண்டு வந்தது. எனவே, புலம்பெயர்ந்தோர் கலையைத் தொகுப்போர் ‘இனம்’ என்பதை எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதை முதற்கண் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது எனலாம்.