தனுஷ்கோடி ரயிலடி

எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் கொழும்பில் இறங்கலாம் என்று பெரியப்பா பெருமையடிப்பார். மிகையில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடித் துறைவரை ஓடியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினால் அக்கரையில் தலைமன்னார். அங்கே அடுத்த ரயில். பெரியப்பா போனது இர்வின் கப்பலில். கோஷன் என்று இன்னொன்றும் ஓடியது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சரைப் பயணிகளோடு கடல் வாரிக்கொண்டது. ஊர் வாழத் தகுதியற்றது என்றது அரசு. பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் செப்பனிட்டார். தனுஷ்கோடித் தண்டவாளத்தை யாரும் தொடவில்லை. புயலை மட்டும் பழிப்பானேன்? கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியபின் இந்த ஸ்டேஷன் யாருக்கு வேண்டும்?

இன்று பவளக்கல் சுவர்கள்தான் மிச்சம். 2017இல் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்தது. 2019இல் ரயில்பாதைக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். ரயில்தான் வரவில்லை.